பிரிண்ட் போட்டால் போதாதா? லினக்ஸில் பிழை தேடும் கட்டளைகள் பற்றி

வாசகர் கேள்வி, 2024 பெப்ரவரி 10

"எடிட்டருக்குள்ளேயே டிபக்கர் இருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால் நிரலில் நாலு இடத்தில் பிரிண்ட் வரி போட்டு, என்ன நடக்கிறது என்று திரையில் பார்க்கலாம். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பிழை தேடுவது பழைய ஆட்களின் பழக்கம். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு இது தேவையா? மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை யாருக்குச் செய்து கொடுக்கப் போகிறோம்?"

பெப்ரவரி 10, இரவு

மட்டக்களப்பில்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பெரிய கம்பனியில் வேலை என்றால் மூல நிரல் கையில் இருக்கும், எழுதியவர் பக்கத்துக் கதிரையில் இருப்பார், பிரிண்ட் போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். எனக்கு வருகிற அழைப்புகள் அப்படி இல்லை. நெல் ஆலை, அடகுக் கடை, ரியூஷன் சென்டர். அங்கே ஓடுவது யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த புரோகிராம். மூல நிரல் கிடையாது. எழுதியவர் கட்டாரிலோ கனடாவிலோ. பிரிண்டை எங்கே போடுவது?

பெப்ரவரி 11

உதாரணம் கேட்டிருக்கிறார்கள். போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலை. பெரும்போக அறுவடை, வாசலில் லொறிகளும் டிராக்டர் பெட்டிகளும் வரிசையாக நிற்கின்றன. லொறியோடு நிறுக்கிற தராசில் இருந்து எடையை வாங்கிப் பற்றுச்சீட்டு அடிக்கிற புரோகிராம் திறக்கவில்லை. இரண்டு தரம் தட்டினால் ஒரு கணம் மினுங்கிவிட்டு மறைகிறது. எரர் செய்தி எதுவும் இல்லை. முதலாளியின் மருமகன் கணினியை மாற்றிவிடுவோமா என்று கேட்கிறார். அதற்கு முதல் நாள்தான் புதிதாகச் சேர்ந்த எழுத்தருக்கு உபுண்டு என்ற லினக்ஸில் தனிக் கணக்கு திறந்து கொடுத்திருக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டெர்மினலைத் திறந்து அதே புரோகிராமை எஸ்ட்ரேஸ் என்ற கட்டளை வழியாக ஓட்டினேன். ஒரு புரோகிராம் கோப்பைத் திறக்க, வலையமைப்பில் பேச, நினைவகம் வாங்க, எதற்கும் இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம்தான் கேட்க வேண்டும். எஸ்ட்ரேஸ் ஆலை வாசலில் கொப்பியோடு நிற்கிற ஆள் மாதிரி: எது உள்ளே போனது, எது வெளியே வந்தது, எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதிவிடும்.

கீழே இருந்து மேலாக வாசித்தேன். கடைசி வரி, புரோகிராம் தானாகவே வெளியேறியது. அதற்கு மேலே நாலைந்து வரியில், தராசு இணைந்திருக்கிற யுஎஸ்பி சீரியல் கருவியைத் திறக்கக் கேட்டிருக்கிறது. பதில் ஈஆக்சஸ், அதாவது அனுமதி இல்லை. உபுண்டுவில் சீரியல் கருவிகள் டயல்அவுட் என்ற குழுவுக்கு உரியவை. பழைய கணக்கு அந்தக் குழுவில் இருந்தது, புதிய எழுத்தரின் கணக்கு இல்லை. யூசர்மொட் கட்டளையால் அவரைக் குழுவில் சேர்த்து, ஒரு தரம் வெளியேறி உள்ளே வரச் சொன்னேன். தராசு பேசியது.

மூல நிரல் கையில் இருந்திருந்தாலும் நான் இதைத்தான் முதலில் செய்திருப்பேன். நிரலை வாசித்தால் அது என்ன செய்ய நினைத்தது என்று தெரியும். அந்தக் கணினியில், அந்தக் கணக்கில், உண்மையில் என்ன நடந்தது என்பதைக் கேர்னல்தான் சொல்லும்.

பெப்ரவரி 11, பின்னேரம்

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. எஸ்ட்ரேஸை முதல் முறை ஓட்டுகிற ஆட்கள் பயப்படுவது ஈநோஎன்ட் வரிகளைக் கண்டு. "அப்படிக் கோப்பு இல்லை" என்று வரிசையாக வரும். அதில் பெரும்பாலானவை நோய் அல்ல. புரோகிராம் தனக்கு வேண்டிய நூலகத்தையும் அமைப்புக் கோப்பையும் பல இடங்களில் தேடும். ஓரிடத்தில் இல்லாவிட்டால் அடுத்த இடம். எல்லா இடத்திலும் இல்லை என்று வந்து, அதன் பிறகு புரோகிராம் நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

எப்போதும் '-எஃப்' போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் புரோகிராம் தொடக்கிவிடுகிற பிள்ளைப் புரொசஸ்கள் செய்வது தெரியாது. '-ஓ' போட்டுக் கோப்பில் எழுதுங்கள், திரையில் ஓடவிட்டால் கண்தான் நோகும். '-ஒய்' போட்டால் மூன்று, நாலு என்ற வெறும் எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்தக் கோப்பு என்றும் எழுதும். இந்த மூன்றும் எனக்குப் பழகிவிட்டது.

பெப்ரவரி 13

வந்தாறுமூலையில் படிக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமோடு '-பி' போட்டு இணைக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்கிறது, புரோகிராமும் அவருடையதுதான், ஏன்?

உபுண்டுவில் யாமா என்ற பாதுகாப்பு அடுக்கு இருக்கிறது. அதன் பிட்ரேஸ் ஸ்கோப் எண் 1 ஆக இருக்கும்போது, ஒரு புரொசஸ் தனக்குக் கீழே பிறந்ததை மட்டும் கண்காணிக்கலாம், பக்கத்தில் ஓடுவதைத் தொட முடியாது. நிர்வாகி உரிமை தருகிற சூடோ போட்டு இணையுங்கள். இணையத்தில் சிலர் அந்த எண்ணை நிரந்தரமாகப் பூச்சியம் ஆக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். அப்படிச் செய்தால் உங்கள் கணக்கில் ஓடுகிற எந்தப் புரோகிராமும் உங்கள் பிரவுசரின் நினைவகத்தைத் திறந்து வாசிக்கலாம். வங்கிக் கணக்குப் பார்க்கிற கணினியில் அதைச் செய்யவே கூடாது.

பெப்ரவரி 18

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும்.

ஊர் வாரியாகப் பழைய புகைப்படங்களைச் சேர்த்து வைக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். கோயில் திருவிழா, பள்ளிக்கூடம், 1978 சூறாவளிக்குப் பிறகு எடுத்த படங்கள் என்று நல்ல சேகரிப்பு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோப்புறை, பெயர் தமிழில். எல்லாம் அவருடைய பழைய மேக் கணினியில் இருந்தது. அதை ஆர்சிங்க் கட்டளையால் ஓர் உபுண்டு கணினிக்கு மாற்றினார். பட்டியலில் இருந்து ஊர்ப் பெயரை எடுத்துக் கோப்புறையைத் திறக்கிற சின்னப் பைதன் நிரல் அங்கே ஓடுகிறது.

களுவாஞ்சிகுடி திறந்தது. ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை எல்லாம் திறந்தன. கொக்கட்டிச்சோலை இல்லை என்றது. போரதீவு இல்லை. திருக்கோவில், பொத்துவில் இல்லை. கோப்புறைகள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன, மவுஸால் தட்டினால் திறக்கின்றன. அவர் நிரலில் இருபது பிரிண்ட் போட்டிருந்தார். எல்லாப் பிரிண்டும் "கொக்கட்டிச்சோலை" என்று சரியாகவே காட்டின. பிரிண்ட் கைவிடுகிற இடம் இதுதான்: எழுத்துகள் திரைக்கு வரும்போது வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

எஸ்ட்ரேஸ் தமிழ் எழுத்தைக் காட்டாது, பைட்டுகளை எண்ணாகக் காட்டும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். அன்றைக்கு அதுதான் உதவியது. '-எக்ஸ்' போட்டால் பதினாறின் அடியில் வரும். நிரல் கேட்ட பெயரில் "க"வுக்குப் பிறகு ஈ0 ஏஎஃப் 8ஏ என்று ஒரே குறி. கோப்புறைகளின் பெயர்ப் பட்டியலை, பைட்டுகளைக் காட்டுகிற எக்ஸ்எக்ஸ்டி வழியாகப் பார்த்தால், அதே இடத்தில் ஈ0 ஏஎஃப் 86, அப்புறம் ஈ0 ஏஇ பிஇ என்று இரண்டு குறிகள்.

ஒருங்குறியில் "கொ"வின் உயிர்க்குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ஒகரக் குறியை ஒற்றை எண்ணாக வைப்பது. மற்றது, எகரக் கொம்பையும் ஆகாரக் காலையும் தனித்தனி எண்ணாக அடுத்தடுத்து வைப்பது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. தரத்தின்படி இரண்டும் சமம், திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். விசைப்பலகையில் தட்டும்போது பெரும்பாலும் சேர்ந்தே வரும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 எதையும் மாற்றாது. பைட் வேறு என்றால் பெயர் வேறு. கொக்கட்டிச்சோலையைச் சேர்த்து எழுதினால் 45 பைட், பிரித்து எழுதினால் 51 பைட். கேர்னலுக்கு அவை இரண்டு ஊர்கள்.

திறக்காத ஊர்களைத் திரும்பப் பாருங்கள்: கொ, சோ, போ, கோ, பொ. திறந்த ஊர்கள் எதிலும் அந்தக் குறிகள் இல்லை. காரணம் தெரிந்த பிறகு பட்டியலே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கொன்வ்எம்வி என்ற கட்டளை, பிரிந்த பெயர்களைச் சேர்த்து எழுதிக் கொடுக்கும். சும்மா ஓட்டினால் என்ன மாற்றும் என்று காட்டுமே தவிர மாற்றாது. 'நோடெஸ்ட்' சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். முதலில் நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்தோம்.

பெப்ரவரி 18, இரவு

இன்னும் ஒன்று. இஎக்ஸ்டி4இல் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட், புள்ளியும் கொம்பும் தனிக் குறி. 85 குறிகளோடு முடிந்துவிடும். "திருவிழாவின் மூன்றாம் நாள் மாலைப் பூசையின்போது எடுத்தது" என்று வசனமாகப் பெயர் வைக்கிறவர்கள் கவனிக்கவும்.

பெப்ரவரி 19

"அப்படியானால் பாமினியில் வைத்த பெயர்கள்?" என்று கேட்கிறார்கள். அது வேறு பிரச்சினை. பாமினி எழுத்துருவில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. ஃபைல் கட்டளையைக் கொடுத்தால் ஆஸ்கி உரை என்று சொல்லிவிடும். உரைக்குள் சொல் தேடுகிற கிரெப்பில் ஒருங்குறித் தமிழால் தேடினால் எதுவும் கிடைக்காது. நம் பக்கத்து ஒபிஸ்களில் இருக்கிற பழைய கோப்புகளில் "தேடினால் வரவில்லை" என்ற முறைப்பாட்டுக்கு முதலில் ஃபைல் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

பெப்ரவரி 22

பழைய ஆட்களின் பழக்கம் என்ற பேச்சு திரும்ப வந்திருக்கிறது. பழசு என்பது உண்மை. ஜிடிபி என்ற டிபக்கரை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதினார். எஸ்ட்ரேஸை 1991இல் பால் கிரானன்பர்க் சன் ஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதினார், பிறகு அது லினக்ஸுக்கு வந்தது. இரண்டுக்கும் இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. பைதன் ஆனாலும் ரஸ்ட் ஆனாலும் ஜாவா ஆனாலும் கோப்பைத் திறப்பதென்றால் அதே கேர்னல் வாசலால்தான் போக வேண்டும். ஒரு கட்டளையைப் படித்தால் எல்லா மொழிக்கும் உதவுகிறது. மொழிக்கு ஒரு டிபக்கர் படிக்க எனக்கு நேரம் இல்லை.

இன்னொரு காரணம், கட்டளைகளின் கையேடான மேன் பக்கங்கள் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. படுவான்கரைப் பக்கம் போனால் சில இடங்களில் சிக்னல் இராது. அங்கே தேடுபொறியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. மேன் எஸ்ட்ரேஸ் என்று அடித்தால் எல்லாம் இருக்கிறது. மாரி மழையில் கரண்ட் போன இரவுகளில் பற்றரி இருக்கும் வரை வாசித்துத்தான் பாதியைப் படித்தேன்.

பெப்ரவரி 25

ஒரு ரியூஷன் சென்டரின் சேர்வர். டிஎஃப் கட்டளை வட்டு நிறைந்துவிட்டது என்கிறது. டியு போட்டுக் கோப்புகளின் அளவைக் கூட்டினால் பாதி கூட வரவில்லை. மிச்சம் எங்கே?

எல்எஸ்ஓஎஃப் '+எல்1' என்று அடித்தால், அழித்த பிறகும் யாரோ திறந்து வைத்திருக்கிற கோப்புகள் வரும். லொக் கோப்பு (நடப்பதைப் பதிந்து வைக்கிற கோப்பு) பெரிதாகிவிட்டது என்று யாரோ அழித்திருக்கிறார். பெயர் போய்விட்டது, ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த புரொசஸ் கோப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. பிடி விடும் வரை இடம் திரும்பாது. புரொசஸை மறுதொடக்கம் செய்தவுடன் இடம் வந்தது.

பெப்ரவரி 26

எஸ்ட்ரேஸைப் பற்றி எழுதியதை வாசித்து எல்லாவற்றுக்கும் அதையே ஓட்டுகிறார்கள் போல. அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, வேகம். ஒவ்வொரு அழைப்பிலும் போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம் புரோகிராம் நிறுத்தப்படுகிறது. அழைப்புகள் நிறைந்த புரோகிராம் மிகவும் மெதுவாகும். தராசு மாதிரி நேரத்துக்குப் பதில் எதிர்பார்க்கிற கருவியோடு பேசும்போது, எஸ்ட்ரேஸே புதிய பிழையை உண்டாக்கலாம். 5.3 பதிப்பில் இருந்து செக்கொம்ப் பிபிஎஃப் என்ற தெரிவு இருக்கிறது. '-எஃப்' உடன் சேர்த்துப் போட்டால் நீங்கள் கேட்ட அழைப்புகளில் மட்டும் நிறுத்தும்.

இரண்டாவது, கேர்னலிடம் போகாத வேலை தெரியாது. புரோகிராம் உள்ளேயே ஒரு சுற்றில் மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் திரையில் ஒரு வரியும் வராது. அந்த அமைதியும் ஒரு தகவல்தான். அப்போது ஜிடிபியை '-பி' போட்டு இணைத்து, 'பிடி' (பாக்ட்ரேஸ் என்பதன் சுருக்கம்) என்று அடித்தால் எந்தச் செயற்கூறில் நிற்கிறது என்று காட்டும். எஸ்ட்ரேஸில் ஃபியூடெக்ஸ் என்ற வரியோடு நின்றுவிட்டால் வேறு இழைக்காக (த்ரெட்) காத்திருக்கிறது. ரீட் வரியில் நின்றால் கருவியோ வலையமைப்போ பதில் தரவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எஸ்ட்ரேஸ் பதிவில் கோப்புகளின் உள்ளடக்கமும் வருகிறது. வழக்கமாக ஒரு சரத்தின் முதல் 32 பைட்டுகளைத்தான் காட்டும், ஆனால் ஒரு கடவுச்சொல்லுக்கு அது தாராளமாகப் போதும். நேற்று ஒருவர் எனக்கு அனுப்பிய பதிவில் வாடிக்கையாளர் பெயரும் அடகு வைத்த நகையின் நிறையும் இருந்தன. அழித்துவிட்டேன், அவருக்கும் சொல்லிவிட்டேன். அனுப்பும் முன் ஒரு தரம் வாசியுங்கள். தேவையான பத்து வரியை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.

மார்ச் 2

வந்தாறுமூலைத் தம்பி திரும்பவும். அவருடைய சி நிரல் "செக்மென்டேஷன் ஃபோல்ட்" என்று விழுகிறது, அவருடைய நண்பனுடையது "கில்ட்" என்று மட்டும் சொல்லி நிற்கிறது. இரண்டும் ஒன்றா என்கிறார்.

இல்லை. புரோகிராம் முடிந்தவுடன் அதன் வெளியேற்ற எண்ணைப் பாருங்கள். 128ஐக் கழித்தால் அதை நிறுத்திய சமிக்ஞை. 139 என்றால் 11, தன்னுடையதல்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. 137 என்றால் 9, வெளியே இருந்து கொன்றிருக்கிறார்கள். யாரும் கொல்லவில்லை என்றால் கேர்னலின் செய்திகளைக் காட்டுகிற டிமெசேஜ் கட்டளையைச் சூடோவோடு அடியுங்கள். நினைவகம் தீர்ந்து கேர்னலே ஒரு புரொசஸைத் தேர்ந்து கொன்றதாக வரி இருக்கும். நண்பனுடைய லப்டொப்பில் 4 ஜிபிதான், பிரவுசரும் திறந்திருந்தது. அந்த வரி இருந்ததாக மாலையில் பதில் வந்தது.

139க்கு: '-ஜி' போட்டுத் தொகுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜிடிபியில் வரி எண் வராது. சொந்த நிரல் என்றால் நான் முதலில் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துத் தொகுப்பேன். ஏறக்குறைய இரண்டு மடங்குதான் மெதுவாகும், எந்த வரியில் எல்லை மீறியது என்று நேரே சொல்லும். நினைவகப் பிழை தேடுகிற வால்கிரைண்ட் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக்கும், ஆனால் மறுபடி தொகுக்கத் தேவையில்லை. மூல நிரல் இல்லாத புரோகிராமுக்கு அதுதான் கைகொடுக்கும்.

மார்ச் 3

விண்டோஸ், மேக் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. விண்டோஸில் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பு: ஹேண்டில், புரொக்டம்ப், லிஸ்ட்டிஎல்எல்ஸ். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கொக்ஸ்வெலும் தொடங்கியது, 2006இல் மைக்ரோசொஃப்ட் வாங்கியது, இன்றும் இலவசம். மேக்கில் எஃப்எஸ் யூசேஜ், சாம்பிள், லீக்ஸ் எல்லாம் இருக்கின்றன. எஸ்ட்ரேஸ் மாதிரியான டிட்ரஸ் கட்டளையைச் சிஸ்டத்தின் சொந்தப் புரோகிராம்களில் ஓட்ட முடியாது, எஸ்ஐபி என்ற பாதுகாப்பு தடுக்கும்.

மார்ச் 9

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) அழைத்தார். தராசுக் கதையை வாசித்துவிட்டு டயல்அவுட் குழுவில் சேர்த்தாராம், இன்னும் வேலை செய்யவில்லை. "கருவியே இல்லை என்கிறது தம்பி, மறுகா என்ன செய்ய?"

எஸ்ட்ரேஸில் வந்தது ஈஆக்சஸ் அல்ல, ஈநோஎன்ட். அனுமதிப் பிரச்சினை இல்லை, கருவிகளின் பெயர்கள் இருக்கிற டெவ் அடைவில் இந்தக் கருவியின் பெயரே இல்லை. டிமெசேஜை '-டபிள்யூ' போட்டு ஓடவிட்டு, வயரைக் கழற்றி மாட்டச் சொன்னேன். போனில் வாசித்துக் காட்டினார்: சிஎச்341 கருவி (சிஎச்340 சில்லுக்கும் கேர்னல் காட்டுகிற பெயர் இதுதான்) வந்தது, உடனே பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராம் அதைப் பிடித்தது, கருவி துண்டிக்கப்பட்டது.

உபுண்டு 22.04இல் இது பலருக்கு நடந்த விசயம். பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிக்கான புரோகிராம். மலிவான யுஎஸ்பி சீரியல் வயர்களில் இருக்கிற சிஎச்340 சில்லின் அடையாள எண்ணும் சில பிரெய்ல் கருவிகளின் எண்ணும் ஒன்று. அதனால் தராசு வயரைப் பிரெய்ல் கருவி என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணினியில் பிரெய்ல் யாருக்கும் தேவையில்லை என்று கேட்டு உறுதி செய்த பிறகுதான் அகற்றச் சொன்னேன். தேவைப்படுகிற ஆள் இருந்தால் முழுதாக அகற்ற வேண்டாம். மாட்டுகிற கருவிகளைக் கவனிக்கிற யுடெவ்வின் விதிக் கோப்பில் அந்த எண்ணுக்குரிய வரியை மட்டும் மூடினால் போதும்.

மார்ச் 16

சம்மாந்துறைத் தராசுப் புரோகிராமை விற்றவர்களின் மின்னஞ்சல் பற்றுச்சீட்டின் அடியில் இருந்தது. எஸ்ட்ரேஸின் மூன்று வரியை மட்டும் வைத்து, "கருவியைத் திறக்க முடியாவிட்டால் ஒரு செய்தி காட்டிவிட்டு நிறுத்துங்கள்" என்று எழுதியிருந்தேன். வியாழக்கிழமை பதிலும் புதிய பதிப்பும் வந்தன. ஆலையில் நிறுவிப் பார்த்தோம். வயரைக் கழற்றிவிட்டுத் திறந்தால், தராசு இணைக்கப்படவில்லை என்று கருவியின் பெயரோடு சொல்கிறது. காக்காவுடையதும் அதே புரோகிராம்தான், அவருக்கும் அனுப்பியிருக்கிறேன். நிறுவும் முன் பழைய அமைப்புக் கோப்பை நகல் எடுத்து வையுங்கள், புதிய பதிப்பு அதன் மேல் எழுதிவிடுகிறது.